டும் மட்டும் வரும் பெட்டி

பயந்தவனுக்குக் கால்தான் முதலில் யோசிக்கும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போய்ச் சேரும். என் விஷயத்தில், வயல் சேற்றில் குப்புற விழுந்த பிறகு போய்ச் சேர்ந்தது.

இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கலேவெலயில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் எனக்குத் தராசு நிறுக்கும் வேலை. கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி ஸ்டெல்லாவோடு சீதனமாக ஒரு ஹைஃபை செட்டும் வந்திருந்தது. நடுவில் செட், இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சப்வூஃபர் வாங்கிச் சேர்த்திருந்தான். குரல், புல்லாங்குழல் எல்லாம் மற்ற ஸ்பீக்கர்களின் பாடு. மேளத்தின் ‘டும்’ மட்டுந்தான் அந்தப் பெட்டியின் வேலை. அவன் பாட்டுப் போட்டால் எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நடக்கும். நம் கோப்பை நம் பாட்டுக்கு நடக்க வேண்டாமா? (இதைத்தான் நான் லட்சியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போய் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டி மழையில் ஊறிக் கிழிந்துவிட்டதால் கடைக்காரர் அதை ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். வயர் மட்டும் அடங்காமல் வால் மாதிரி வெளியே தொங்கியது. பஸ்ஸில் நல்ல சனம். சாக்கைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, முன்னால் ஸ்டெல்லாவோடு ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

பாதி வழியில் செக்பொயின்ட். ஒரு சிப்பாய் பின்கதவால் ஏறினான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது.

“மேக்க காகெத?” (இது யாருடையது?)

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எவனோ படுபாவி குண்டு கிண்டு எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். (மாதா மேல் சத்தியம்.) அப்போது பின்னால் ஒரு அம்மா அலறினார்.

“ஐயோ, வயர் தொங்குது!”

அவ்வளவுதான். அன்று எனக்கு முருங்கைக்காய் உடம்பு. ஜன்னல் வழியாகத் தலை போனது, தோள் போனது, இடுப்பு போனது. ஒரு செருப்பு வரவில்லை. மனைவியும் வரவில்லை. அவளைக் கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விழுந்த இடம் வயல். எழும்பி ஓடப் பார்த்தேன், முழங்கால் வரை சேறு. இழுத்தேன், விடவில்லை. முதுகுக்குப் பின்னால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். துப்பாக்கியைத் தயார்ப்படுத்தும் சத்தம் எப்படியிருக்கும் என்று எங்கள் காலத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் ஸ்டெல்லாவின் குரல், நல்ல சிங்களத்தில்.

“சுட்டுராதீங்க சேர்! அவரு எங்க வீட்டுக்காரரு. இந்தச் சாக்கும் அவரோடதுதான்.”

“அவன் சாக்குன்னா அவன் ஏன் ஓடுறான்?” இது செக்பொயின்ட் சார்ஜன்ட்.

“பயத்துல சேர்.”

“எதுக்குப் பயம்?”

“அந்தச் சாக்குக்குத்தான் சேர்.”

அந்தக் கணத்தில்தான் மூளைக்குத் தகவல் வந்தது. அட, நம்ம சப்வூஃபர்!

எல்லோரையும் தூர நிறுத்திவிட்டு, சாக்கை என்னையே தூக்கி வந்து அவிழ்க்கச் சொன்னார்கள். கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஒரு வட்ட ஓட்டை. சார்ஜன்ட் தூரத்தில் நின்றே கேட்டார்.

“உள்ளுக்கு என்ன?”

“காத்து சேர்.”

உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, “ஸ்பீக்கர் சேர், பாட்டுக் கேக்குற ஸ்பீக்கர்” என்று உளறினேன்.

“அப்ப பாட வை பாப்போம்.”

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு கேசட் ரேடியோ இருந்தது. என் கைச் சேற்றில் வயர் வழுக்கியது, ஸ்டெல்லாதான் வாங்கிச் சொருகினாள். சொருகியதும் ரேடியோவின் சொந்தக் குரல் அடங்கியது. பெட்டி பேசியது.

டும். டும். டும்-டுடும்.

வேடிக்கை பார்த்த பஸ் சனம் முழுக்கப் பத்தடி பின்னால் போனது.

“பாட்டு எங்க?”

“பாட்டு வீட்டுல இருக்கு சேர். இதுல டும் மட்டுந்தான் வரும்.”

“டும்முக்கு மட்டும் ஒரு பெட்டியா?”

“நல்லாக் கேளுங்க சேர்” என்றாள் ஸ்டெல்லா. “காலையில இருந்து நான் கேட்டுக் கேட்டு வாயி வலிச்சிருச்சு.”

சார்ஜன்ட் கிட்ட வந்தார். பெட்டியையே முறைத்துக்கொண்டு நின்றார். முதலிலேயே வாங்கிவைத்த என் அடையாள அட்டை அவர் கையில். என் உயிரும் அதோடுதான் இருந்தது. திடீரென்று அவருடைய மற்றக் கை விரல்கள் கடை மேசையில் தட்ட ஆரம்பித்தன. டும்-டுடும். பிறகு தலை ஆடியது. பிறகு வாய் திறந்து, அந்த டும்முக்குச் சரியாக ஒரு சிங்கள பைலா ஆட்டப் பாட்டு! கடைக்காரர் கிளாஸில் கரண்டியால் தாளம் போட்டார். சிப்பாய் சிரித்துவிட்டான்.

“பைலாதான்” என்று அட்டையை நீட்டினார் சார்ஜன்ட். நான் வாங்கும்போது அவர் விடவில்லை. “தம்பி, சேறு பிடிச்சிச்சு, தப்பினே. இன்னும் நாலடி ஓடியிருந்தா சுட்டிருப்போம்.” அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. உட்கார ஒரு வாங்குப் பலகை தேடினேன். நல்ல வேளையாக ஸ்டெல்லா ஏற்கனவே கையைப் பிடித்திருந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் என் செருப்பை மடியில் வைத்தாள். “என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்க” என்றாள், ஒரே ஒரு தரம். ஜன்னலோரத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

சப்வூஃபரை வீட்டு செட்டோடு சேர்த்துப் பூட்டினோம். கோப்பை நடந்தது. ஆனால் ஒவ்வொரு டும்முக்கும் நான் கதிரையை விட்டுத் துள்ளுவதைப் பார்த்து இரண்டாம் நாளே ஸ்டெல்லா வயரைப் பிடுங்கிவிட்டாள்.

பல வருடம் கழித்துச் சொந்தமாக வீடு கட்டினோம். எல்லா ஜன்னலுக்கும் தடித்த இரும்புக் கம்பி போடச் சொன்னாள். வேலைக்கு வந்த பாஸ் (எங்கள் பக்கத்தில் மேசனை அப்படித்தான் கூப்பிடுவோம்) தலையைச் சொறிந்தார்.

“எதுக்கும்மா இவ்வளவு கம்பி? இந்தப் பக்கம் கள்ளன் வாறதில்லயே?”

“உள்ளுக்கு வாறவனுக்கு இல்ல பாஸ்” என்றாள் ஸ்டெல்லா. “வெளியில போறவருக்கு.”

இன்றைக்கும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் பிள்ளைகள் சாமிப்படத்தைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கம்பியைத்தான் காட்டுகிறார்கள்.

“இது அப்பாவுக்குப் போட்டது.”