அடுத்த மாதக் கொலைகாரர்

உலகத்தில் கொலைகாரர்கள் குறைவு. கொலைகாரர்களை உற்பத்தி செய்கிறவர்கள்தான் அதிகம். திகில் கதாசிரியர்களைச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பட்டப்பகலில் ஒரு கரப்பான்பூச்சியைக் கண்டு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுகிறவர் யாரோ, அவரேதான் மாதம் ஒன்பது பேரைக் கோடரியால் பிளக்கிறவர்.

நாம் பார்க்கப்போகிற ஆசாமியை அவர் தெருவில் திகிலார் என்பார்கள். மாதம் ஒரு நாவல், நாவலுக்கு ஒரு கொலைகாரன். அந்தக் கொலைகாரனுக்கு ஒரு கால் கட்டை; கன்னத்தில் தழும்பு; கல்யாணம் ஆகியிருக்காது; வாயைத் திறக்கமாட்டான், திறந்தால் திக்கும்; ஊர்க்கோடியில் ஒற்றை அறையில் இருப்பான்; எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவனைக் கூப்பிடமாட்டார்கள்; கூப்பிடாத அத்தனை விசேஷங்களுக்கும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மொத்தமாக வந்துவிடுவான், கோடரியோடு. ஏன் இத்தனை கோபம்? சின்ன வயதில் அவனைப் பந்து விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒன்பது பேரா? ஒன்பதுதான். பத்தாவது ஆளுக்குப் பக்கம் போதாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். தலைசீவி, இஸ்திரிச் சட்டை போட்டு, குடும்பத்தோடு வாழ்கிற மனிதன் திகிலாரின் எழுபத்திரண்டு நாவல்களில் ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை.

இப்படிப்பட்ட கொலைகாரர்களைத் தேடித் திகிலார் எங்கேயும் அலைவதில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும். எதிர்க் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் தனியாகக் குடியிருந்து கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவருக்கு ஒரு கால் கட்டை. ஸ்டவ் வெடித்ததில் கன்னத்தில் தழும்பு. வேறென்ன வேண்டும்?

ஒருநாள் மாலை நாலு மணிக்கு அந்தக் கடிகாரக்காரரே விந்தி விந்திப் படியேறி வந்து திகிலாரின் கதவைத் தட்டினார். கையில் ஒரு சாக்குப்பை. உள்ளே கனமாக, உருண்டையாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பூப்போலக் கதவோரம் இறக்கி வைத்தார். திகிலார் பையைப் பார்த்தார். இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சார், அந்தப் பையில…"

"அது அங்கேயே இருக்கட்டும். வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

"உங்க கதையில எனக்கு எந்த மாசம் சார் லீவு?"

"புரியலையே."

"போன மாசம் நான் கல்லறைத் தோட்டக்காரன். அதுக்கு முந்தி பொம்மை செய்யறவன். அதுக்கு முந்தி லிஃப்ட் ஆபரேட்டர். தெருவுக்கே ஆளைத் தெரியுது. வாட்ச் குடுக்க வர்றவங்க வாசல்ல வெச்சுட்டு ஓடறாங்க. திருப்பி வாங்க வர்றப்ப மூணு பேரா வர்றாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணுன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார்."

"அதெல்லாம் கற்பனைங்க. நீங்க இல்ல."

"கால் என்னோடது சார். தழும்பும் என்னோடதுதான்."

சமையலறையிலிருந்து திகிலாரின் மனைவி குரல் கொடுத்தார். "அவர் சொல்றது நியாயம்தாங்க. போன நாவல்ல அவரோட கட்டம் போட்ட சட்டையைக்கூட நீங்க விட்டு வைக்கலை."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒரே ஒரு மாசம் என்னை நல்லவனா எழுதுங்க. காலும் தழும்பும் அப்படியே இருக்கட்டும், அதுல நான் குறுக்க வரலை. யாரையும் கொல்லாம இருந்தா போதும். பன்னெண்டு அத்தியாயமும் வாட்ச் ரிப்பேர் பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஓனர் உங்க புக்கை விடாம படிக்கிறவர். மனசு மாறுவார்."

திகிலாருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது. அதிகம் புழங்காததால் புதிதாகவே இருந்தது. உட்கார்ந்தார். பேனா தானாகக் கோடரிப் பக்கம் போகும்போதெல்லாம் இழுத்துப் பிடித்து எழுதினார். முதல் அத்தியாயத்தில் நாயகன் கடிகாரம் பழுதுபார்த்தான். மூன்றாவதில் பூனைக்குப் பால் வைத்தான். எட்டாவதில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான். பன்னிரண்டாவதில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான். முற்றும்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த மனைவி எழுந்துபோய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

"ஏன்?"

"பூனைக்குப் பால் வெக்கறானே, எதுக்குங்க?"

"பூனைக்குப் பசிக்குது."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

பதிப்பாளர் தொலைபேசியில் தழுதழுத்தார். "எழுபத்திரண்டு எழுதி, இப்பதான் சார் உங்களுக்கு எழுத வந்திருக்கு. குழந்தைக்கு பிஸ்கட் குடுக்கறானே, அந்த இடத்துல எங்க புரூஃப் ரீடர் அம்மா லீவு போட்டுட்டுப் போயிட்டாங்க."

"அவன் நிஜமாவே நல்லவன் சார்."

"அதை யார்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லிடாதீங்க. விக்காது."

புத்தகம் வந்தது. கூடவே வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. பிணங்களை எங்கே புதைத்தான் என்று கேட்டவர்கள் பாதி. கேட்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியவர்கள் மீதி. பூனை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்து ஒரு கால்நடை மருத்துவர் பதில் தபால்தலையும் வைத்திருந்தார். ஹவுஸ் ஓனர் எட்டாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடினார். மாசக் கடைசிவரை காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை கடிகாரக்காரர் ஒரு தள்ளுவண்டியில் தன் மேஜையையும் படுக்கையையும் ஏற்றினார். தெருவே திரண்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று, வழியனுப்பியது. திகிலார் ஜன்னலில் நின்றார். இறங்கிப்போய் ஒரு கை பிடித்திருக்கலாம். கடிகாரக்காரர்தான் அண்ணாந்து பார்த்து ஆறுதல் சொன்னார்.

"பரவால்ல சார், உங்கமேல தப்பில்ல. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நானே படிச்சுட்டு ரெண்டு நாள் கதவைத் தாழ் போட்டுக்கிட்டுப் படுத்தேன்."

வண்டி போய்விட்டது. காலி அறைக்கு ஒரு தலைசீவிய குடும்பஸ்தர் குடிவந்தார். அவரால் இலக்கியத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகுதான் திகிலாரின் மனைவிக்குக் கதவோரத்துப் பை நினைவுக்கு வந்தது. இத்தனை வாரமாக வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி வளைத்தே நடந்துகொண்டிருந்தார்கள். துடைப்பக்கட்டையால் பையின் வாயை விலக்கினார். உள்ளே அவர்கள் வீட்டு மேஜைக் கடிகாரம். போன வருஷம் திகிலார் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு மறந்துபோனது. பானை வயிறு பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. சாவி கொடுத்தால் ஓடியது.

திகிலாரை விடுங்கள், அவருக்கு அது பிழைப்பு. நீங்கள் சொல்லுங்கள். அந்த மனிதர் விந்தி விந்திப் படியேறி வந்து பையைக் கதவோரம் இறக்கி வைத்தாரே, அப்போது அதற்குள் என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள்? வேண்டாம், சொல்ல வேண்டாம். கொலைகாரர்களை உற்பத்தி செய்கிற கூட்டத்தில் சேர எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. படிக்கத் தெரிந்தாலே போதும்.