அறிவழகன் ஓணான் வென்ற படலம்

வாழ்க அறிவழகன்! குழாய் விற்கும் குரிசில், மோட்டார் பழுதின் முதற்பகைவன், அதியமான்கோட்டை நெடுஞ்சாலையோரத்துக் கடையில் சுழல்நாற்காலியையே அரியணையாகக் கொண்டு கொலுவீற்றிருக்கும் கோமான் வாழ்க! அறிவையும் அழகையும் பெற்றோர் வைத்த பெயரளவில் மட்டுமே தாங்கியவனும், பூத்தது எதுவாயினும் ஊர்ந்தது எதுவாயினும் முதலில் கைப்பேசியை நீட்டிப் பிறகே கண்ணால் பார்ப்பவனுமாகிய அவ்வீரனின் புகழ் பாடப் புகுந்த எம் நாவுக்குக் கலைமகள் துணைநிற்க. அவளுக்கு நேரமில்லையெனில் நெட்வொர்க்காவது துணைநிற்க.

‘உயிர்த்தடம்’ என்றொரு செயலி உண்டு. செடியோ பூச்சியோ பல்லியோ படமெடுத்து ஏற்றினால், அது வாழும் இடத்தைச் செயலி குறித்துக்கொள்ளும். இன்ன உயிர் என்று ஏற்றியவர் சொல்வதை இன்னொருவர் ஒத்துக்கொண்டால் மாவட்ட வரைபடத்தில் அவர் பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி மலரும். மண்ணின் உயிர்களை அறிந்து காக்கவென்று நல்லோர் சிலர் கூடிச் சமைத்த தரவுக்களஞ்சியம் அது. நம் வீரனுக்கோ அது குருதி கொப்பளிக்கும் போர்க்களம். தருமபுரி மாவட்டத்தில் அதிகப் புள்ளி பெற்றவன் என்ற முடியைச் சூடி அவன் நெடுங்காலம் செருக்கியிருந்தான்.

அம்முடியை அசைக்க வந்தவள் சாயிரா. பாப்பாரப்பட்டியில் ஜெராக்ஸ் கடை நடத்துபவள். தொப்பூர் மலையடியில் தான் கண்டதாக அறிவழகன் முரசறைந்து ஏற்றிய சிறுத்தையின் காலடித் தடத்தின்கீழ் அவள் ‘நாய்’ என்று ஒற்றைச் சொல் எய்தாள். எங்கெங்கோ இருந்த எண்திசை அறிஞரும் ஓடிவந்து ‘நாய்’, ‘நாயே’, ‘ஆம், நாய்’ என்று வழிமொழிந்தனர். அன்றுமுதல் அவன் உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. கடைக்கு வந்தவர் கேட்டது கேட் வால்வு, அவன் கொடுத்தது டேப்.

வைகாசி வெயில் வாளுருவி நின்ற ஒரு முற்பகலில் நல்லம்பள்ளிக்கு அப்பால், மனைப்பிரிவுக்காகக் கல் நட்டிருந்த கரம்பு நிலத்துக்கு நம் வீரன் ஸ்கூட்டரேறிச் சென்றான். அங்கே விசிறித்தொண்டை ஓணான் இருப்பதாகப் பைப்பு பதிக்கப் போன முனியப்பன் சொல்லியிருந்தான். மாவட்ட வரைபடத்தில் அதுவரை ஏறாத உயிர்! விரலளவே நீண்ட அச்சிற்றுயிர், பெண்ணை அழைக்கும் பருவத்தில் கல்லின் மேலேறித் தொண்டைத் தோலை விரித்தால், நீலமும் கருமையும் செம்மஞ்சளும் கலந்த கொடியொன்று எழுந்து அடங்கும். அக்கொடியைக் கவர்ந்தால் சிறுத்தைப் பழி தீரும்.

சென்றவன் திகைத்தான். வெள்ளையடித்த மனைக்கல்லுக்கு எதிரே, தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு சாயிரா முன்னமே குந்தியிருந்தாள்.

“மெதுவா வாங்கண்ணா. கல்லு மேல உங்க நிழல் விழுந்தா ஓடிரும்” என்றாள் அவள். பிறகு, “இது மட்டும் மேப்புல ஏறிருச்சுன்னா பஞ்சாயத்துக் கூட்டத்துல காட்டலாங்க. ஒரு மூலையாவது இதுக்கு விடுங்கன்னு கேக்கலாம்” என்றும் சொன்னாள்.

இதைச் செவிமடுத்த வீரன் உள்ளத்தில் ஓணானின் எதிர்காலம் ஒரு கணமும் உதிக்கவில்லை. கூட்டத்தில் அவள் பெயர் ஒலிக்குமே என்ற கனல் ஒன்றே மூண்டது. மலைப்பாம்பு மண்ணில் சரிவதுபோல் அவன் தன் தொப்பையைக் கரம்பில் சரித்தான். முள் தைத்தது, எறும்புப்படை சட்டைக்குள் புகுந்து முற்றுகையிட்டது, வியர்வை கண்ணை மறைக்க, வெயில் திரையை மறைக்க, எதையும் காணாமலே குறிபார்த்துக் கிடந்தான்.

எழுந்தது ஓணான்! கல்லுச்சியில் கால் ஊன்றி, பகையரசர் இருவரையும் பொருட்படுத்தாமல், தன் மூவண்ணத் தொண்டையைப் படபடவென விரித்தது. அறிவழகனின் கட்டைவிரல் அடைமழையாய்ப் பொழிந்தது. சாயிரா ஒரே ஒருமுறை அழுத்தினாள்.

அந்தப் பள்ளத்திலோ சிக்னல் இல்லை. முதலில் ஏற்றுபவருக்கே முதற்புள்ளி என்பதால் வீரன் துள்ளியெழுந்து, மேலொட்டிய மண்ணையும் தட்டாமல் ஸ்கூட்டரை உதைத்தான். வெயிலில் பேருந்தைப் பிடிக்க நடந்த சாயிராவைக் கண்டும் காணாதவனாய், புழுதியைக் கவரியாக வீசிக் கடந்தான். நெடுஞ்சாலையை எட்டியதும் கடைசிப் படத்தைப் பார்த்தும் பாராமலும் தேர்ந்து, ‘விசிறித்தொண்டை ஓணான், மாவட்டத்தில் முதன்முறை, கண்டவன் அறிவழகன்’ என்று உலகுக்கு அறைகூவி ஏற்றினான். கடைக்குத் திரும்பி, வென்ற வேந்தனாய் அரியணையில் சாய்ந்தான்.

உச்சிவேளை சாய்வதற்குள் பதில் வந்தது. ‘மனிதன்’ என்றிருந்தது சாயிராவின் தீர்ப்பு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஈரக்கை பட்டுக் கேமரா தன்பக்கம் திரும்பியிருந்தது. இரு மூக்குத் துளைகள், கீழே ஒரு மீசை, மீசைமேல் ஓர் எறும்பு. மற்ற எல்லாப் படங்களிலும் அவையே. கரம்பில் கிடந்த நேரமெல்லாம் நம் காவிய நாயகன் தன்னைத்தானே வேட்டையாடியிருந்தான்.

சற்று முன்தான் சாயிராவின் படம் ஏறியிருந்தது. விரிந்த தொண்டை, கல், கல்லின் மனை எண், எல்லாம் தெளிவு. ஒத்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். மாலையில் பஞ்சாயத்துக் கூட்டம். இப்போது செயலியில் விழித்திருந்தவன் அறிவழகன் ஒருவனே. மானமும் பொறாமையும் இருபுறமும் அணிவகுக்க, அவன் கட்டைவிரல் திரைக்கு மேலே வட்டமிட்டது. ‘சாதாரண ஓணான்’ என்று மறுத்து எழுதினால் பதிவு முடங்கும். பஞ்சாயத்தாருக்கு அவள் காட்ட ஒன்றும் இராது. அந்தப் பாதகத்துக்கே விரல் தாழ்ந்தது. தாழும்போது திரையின் அடியில் சிறிய எழுத்துகள் அவன் கண்ணில் பட்டன: சரியாக ஒத்துக்கொள்பவருக்கும் ஒரு புள்ளி.

கருணையால் இரங்காத நெஞ்சம், நீதியால் நாணாத நெஞ்சம், அந்த ஒற்றைப் புள்ளிக்கு உருகியது. ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அழுத்தினான். நல்லம்பள்ளிக்கு அப்பால் வரைபடத்தில் ஒரு பச்சைப் பொட்டு சாயிராவின் பெயரோடு மலர்ந்தது. தன் கணக்கில் ஏறிய புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துப் பூரித்து, மூவுலகும் தனக்குத் திறை செலுத்துவதாக எண்ணி, மீசையின் இருமுனையையும் முறுக்கி, அடுத்த களத்துக்குப் புயங்கள் பூரிக்க அவன் நிமிர்ந்தமர்ந்த அவ்வேளையில் ஒருவர் கடைக்கு வந்தார்.

அரை இஞ்ச் எல்போ ரெண்டு கேட்டார், எடுத்துக் கொடுத்தான்.