கால் நீட்ட இடமில்லாத கிரேன்

அட்டவணை போடத் தெரிந்தவன் தன்னை விஞ்ஞானி என்று நம்புவதற்கு அதிக நேரம் எடுக்காது. எனக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது.

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, கொட்டாஞ்சேனையில் ஆறு லொறிகள் ஓடின. முதன்முதலாக ஒரு கிரேன் வாங்க ஆசைப்பட்டார். "மருமகன் படிச்சவர், அவரே பார்த்துச் சொல்லட்டும்" என்று இரண்டு மைத்துனன்மாரையும் தாண்டிப் பொறுப்பை என்னிடம் தந்தார். சரியாகச் செய்தால் கிரேன் யார்டுக்கு நான்தான் பொறுப்பு. அதையும் சொல்லியிருந்தார்.

வத்தளையில் ஒருவரிடம் இரண்டு கிரேன்கள் விற்பனைக்கு நின்றன. ஒன்று பத்துத் தொன், மற்றது ஐம்பது. தூக்கும் பாரம், கையின் நீளம், எஞ்சின் வலு என்று வரி வரியாக ஒப்பிட்டேன். ஐம்பது எல்லாவற்றிலும் வென்றது. (டயரின் அழகுக்கும் ஒரு வரி போட்டிருந்தேன்.)

"எங்கட வேலை முழுக்க ஒடுங்கின ஒழுங்கைக்குள்ள. இது போகுமோ, மருமகன்?"

"அளந்தனான் மாமா. ஒழுங்கை பதின்மூன்று அடி, கிரேன் ஒன்பது."

மாமா என்னைப் பெருமையோடு பார்த்தார். 

வாங்குமுன் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சம்மதம் கிடைத்தது. வெள்ளவத்தையில், பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும், மறுமுனையில் வழியில்லாத ஒரு முட்டு ஒழுங்கை. அங்கே மூன்றாம் மாடிக்குத் தண்ணீர்த் தாங்கி ஏற்ற வேண்டும். மாமாவோடு, ஆசீர்வாதத்துக்கு ஃபாதரையும் நான் கூட்டிப் போயிருந்தேன். ("வாங்கின பிறகுதானே தம்பி தீர்த்தம் தெளிக்கிறது?" என்று அவரே கேட்டார்.)

கிரேன் ஜம்மென்று உள்ளே போனது. ஃபாதர் தெளித்தார். ஒப்பரேட்டர் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே சிங்களத்தில் சொன்னார்.

"மஹத்தயா, கக்குல் திக்கரன்ன இட நே."

காலை நீட்ட இடமில்லையாம். பாரம் தூக்குமுன் கிரேன் இரு பக்கமும் இரும்புக் கால்களை நீட்டி ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும். இந்தப் பெரியவருக்குக் கால் நீட்ட இருபத்து மூன்று அடி வேண்டும். லொறிக்காரர் வீட்டு மாப்பிள்ளை லொறியை அளக்கிற மாதிரி அளந்திருந்தேன். உள்ளே போகுமா என்று பார்த்தேனே தவிர, போய் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

கிரேனுக்கு முன்னால், ஒழுங்கையின் உள்பக்கமிருந்து வெளியே வர நின்ற ஒரு காரிலிருந்து அன்ரி ஒருவர் தலையை நீட்டினார். "தம்பி, நான் எயார்போர்ட் போகோணும். இதைக் கொஞ்சம் மடிக்க ஏலாதோ?"

மடிக்க ஏலாது. பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். பொலிஸ்காரர் காலி வீதியை மறித்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஹரி, ஹரி, ஹரி" என்று, சிங்களத்தில் 'சரி, சரி' சொல்லி, கை காட்டியபடி கிரேனின் பின்பக்கம் நடந்தார். ஃபாதர் மிச்சத் தீர்த்தத்தைப் பின் டயருக்குத் தெளித்தார். நான் வெட்கத்தில் செத்தேன். கிரேன் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு எட்டுப் பேர் கயிறு கட்டித் தாங்கியை அரை மணி நேரத்தில் மேலே ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த கிழமை மாமா பத்துத் தொன் கிரேனை வாங்கினார். யார்டுச் சாவி சின்ன மைத்துனனுக்குப் போனது. எனக்கு ஓர் அளவு நாடா கிடைத்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நான் சோபாவில் காலை நீட்டினால் யாராவது ஒருவர், "அளந்தனீங்களோ?" என்பார். போன மாதம் எனக்கு முழங்காலில் ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக் கட்டில் குட்டை, பாதம் இரண்டும் வெளியே தொங்கின. எண்பது வயது மாமா பார்க்க வந்தார். சுகம் விசாரிக்கவில்லை. பாதத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பிறகு நர்ஸைக் கூப்பிட்டார்.

"மிஸ், இவருக்குப் பத்துத் தொன் கட்டில் காணாது, ஐம்பது தொன் கொண்டுவாங்கோ."