மகளின் நடுக்கத்துக்கு மைத்துனர் சொன்ன வைத்தியம்

மாண்புமிகு மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே உங்கள் தங்கை நலம், நான் நலமில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், யோசனை சொல்கிறவருக்கு என்ன குறைச்சல்?

மருந்தாளுநர் படிப்பில் உங்கள் மருமகள் எழுதுகிற தேர்விலெல்லாம் முதலிடம், வாய்மொழித் தேர்வு என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, போன முறை தன் பெயரைச் சொல்லவே திணறினாள், இந்த முறையும் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போச்சு என்று உங்களிடம் புலம்பினேன் அல்லவா? "மாத்திரை கீத்திரை எதுவும் வேணாம் மாப்பிள்ளை. மூச்சு, ஒத்திகை, தூக்கம். இது போதும்" என்றீர்கள். போதும் போதும் என்றாகிவிட்டது. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டிய மூச்சுக்கு நான்தான் எண்ணினேன். பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கிறவனுக்கு மெதுவாக எண்ண வருமா? அவளுக்குத் தலை சுற்றியது, எனக்கு இளைப்பு வந்தது. சரி, ஒத்திகை என்று கோட்டு மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் தேர்வாளராக உட்கார்ந்தேன். "ம், சொல்லு! ஏன் லேட்டு?" என்று டிரைவரைக் கேட்கிற அதே அதட்டல் வந்துவிட்டது, பிள்ளை அழுதேவிட்டாள். உங்கள் தங்கை துடைக்கிற துணியோடு வந்து, "பரீட்சை அவளுக்கா உங்களுக்கா? முதல்ல எந்திரிங்க!" என்கிறாள். தூக்கமாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று, அவள் தூங்கிவிட்டாளா என்று பார்க்க நாலே நாலு தடவைதான் விளக்கைப் போட்டேன். அதற்கும் சண்டை.

இதோ, தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே போய் அரை மணி ஆகிறது. போகும்போது சிரித்தாள் மச்சான், நான்தான் பெஞ்சைவிட்டுப் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை, ஒரு வார்த்தை வராமல் நாலு பேர் முன்னால் நிற்குமே என்று நினைத்தாலே அழுகை முட்டுகிறது. ஆகையால் இனி எங்கள் வீட்டுக்கு உங்கள் யோசனை எதுவும் தேவையில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய பாவி

பின்குறிப்பு: வந்துவிட்டாள். இன்றைக்குத் தேர்வே இல்லையாம், நாளைக்குத்தானாம். ஒரு நாள் முன்னதாக வந்து காலி அறையில் பேசிப் பார் என்று சொன்னது நீங்களாம். "ஒரு இடத்துலகூடத் திக்கலைப்பா" என்கிறாள். "அப்போ என்னை எதுக்கும்மா இழுத்துட்டு வந்தே?" என்றேன். "நீங்க படுற பாட்டையெல்லாம் இன்னைக்கே பட்டு முடிச்சுட்டா, நாளைக்கு நான் தனியா நிம்மதியா வருவேன்லப்பா. அதுவும் மாமா யோசனைதான்" என்கிறாள். சரி, இருக்கட்டும். நாளைக் காலை பத்து மணிக்கு நான் எங்கே போய் உட்காருவது என்பதை மட்டும் உடனே போன் போட்டுச் சொல்லுங்கள்.