நஞ்சப்பா வீட்டு ராஜநாகம்

இரண்டு மொழிகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. தெரியாத வார்த்தை வந்தால் அர்த்தம் கேட்க மாட்டோம், நாங்களே மொழிபெயர்த்துவிடுவோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று மைசூரில் வளர்ந்த நான் அந்தத் திமிரை ஒரு தெருவே கூடிப் பார்க்கும்படி காட்டியிருக்கிறேன்.

அப்போது கல்லூரியில் முதல் வருடம். எங்கள் பேட்டைக் குளத்தைக் காப்பாற்ற ஐந்து பேர் ஒரு குழு ஆரம்பித்திருந்தோம். (டி-ஷர்ட் அடித்தாகிவிட்டது, குளத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் பாக்கி.) கரையிலுள்ள கோரைப்புதரிலிருந்து பாம்பு வருகிறதென்று, புதரையே வழித்தெடுக்கக் குடியிருப்போர் சங்கத் தலைவர் நஞ்சப்பா ஜேசிபிக்குச் சொல்லிவைத்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினோம். பாம்பு வந்தால் அடிக்காமல் எங்களைக் கூப்பிட வேண்டும். நாங்கள் ஆட்களை விலக்கிவிட்டு, பாம்பு பிடிக்கத் தெரிந்தவரை வரவழைப்போம். ஒருமுறை சொதப்பினாலும் புதர் காலி.

முதல் அழைப்பே நஞ்சப்பா வீட்டிலிருந்து வந்தது. பேசியது அவர் மனைவி சாவித்ரம்மா.

"அடுகெ மனெல ஹாவுராணி பந்திதெ கணம்மா, பேக பா!"

சமையலறையில் ஹாவுராணி! ஹாவு என்றால் பாம்பு. ராணி என்றால் ராணி. பாம்புகளின் ராணி என்றால்? பெண் ராஜநாகம்! (மைசூருக்குள் ராஜநாகம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், கண்டுபிடித்தவள் என்று பேப்பரில் என் போட்டோ எந்தப் பக்கத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.)

"பிரஜ்வல், ராஜநாகம்! நஞ்சப்பா வீட்டுக்கு வா!" என்று குழு நண்பனுக்குப் போனில் கத்தினேன். அவன் கன்னடக்காரன். என் காதில் விழுந்த வார்த்தையை அவனிடம் அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

தம்பியின் கிரிக்கெட் பேடை இரண்டு கால்களிலும் கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு போய் இறங்கினேன். "எல்லாரும் மாடிக்குப் போங்க!" என்று இரு மொழிகளிலும் அலறினேன். தெருவே மொட்டைமாடி ஏறியது. வாசலில் காபி டம்ளரோடு நின்ற சாவித்ரம்மா மட்டும், "ஒந்து ஹாவுராணிகெ இஷ்டு ஜனானா?" என்றார். ஒன்றே ஒன்றுக்கு இத்தனை பேரா என்று கேட்கிறார்! என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குப் புல்லரித்தது.

நானும் பிரஜ்வலும் சமையலறை வாசலில் நின்று எட்டிப்பார்த்தோம். கிரைண்டருக்குப் பின்னாலிருந்து மகாராணி வெளியே வந்தாள். ஒரு சாண் நீளம், பளபளக்கும் உடம்பு, நான்கு கால்கள்.

அரணை.

"அவரு நிங்கெ ஏனந்த்ரு?" என்று பிரஜ்வல் சந்தேகமாகக் கேட்டான்.

"ஹாவுராணின்னாங்க..."

"அய்யோ, ஹாவுராணி அந்த்ரெ இதே கணே!" கன்னடத்தில் அரணைக்குப் பெயரே ஹாவுராணியாம்.

மாடிகளில் வெடித்த சிரிப்பு அடங்கவேயில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற நஞ்சப்பா மட்டும் சிரிக்கவில்லை. அரணை கடித்தால் ஆள் அவ்வளவுதான் என்று நம்புகிறவர் அவர், துடைப்பத்தை ஓங்கிவிட்டார். "சார், அதுக்கு விஷமே கிடையாது!" என்று குறுக்கே பாய்ந்து, தண்ணீர்க் குடத்தோடு விழுந்தேன். ஒளிய இடம் தேடிய அரணை, என் இடதுகால் பேடுக்குள் புகுந்துவிட்டது.

காலை மடக்கினால் நசுங்கிவிடும். இங்கே கழற்றினால் துடைப்பம் காத்திருக்கிறது. மடக்காமலே நடந்தேன், குளம் வரை. ஈரம் சொட்டச் சொட்ட, ஹெல்மெட்டோடு, தசரா யானைபோல் ஆடி ஆடி நான் முன்னே போக, தெருவே இறங்கிவந்து பின்னால் ஊர்வலம். "ராணிகெ ஜை!" என்று பொடிசுகள் கோஷம் வேறு.

கரையில் பேடைக் கழற்றியதும் அரணை புல்லுக்குள் மறைந்தது. இந்த ஆரவாரத்தில் மிரண்டு, கோரைக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி நீந்தி வந்தது. பின்னாலேயே கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள்.

"ரீ, நோட்ரி, மரிகளு!" என்று சாவித்ரம்மா குஞ்சுகளைக் காட்டிக் கணவரின் தோளை உலுக்கினார்.

நஞ்சப்பா குஞ்சுகளைப் பார்த்தார். கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். பிறகு, அரணையைக் காலில் சுமந்து வந்தும் உயிரோடு நிற்கும் என்னைப் பார்த்தார். "சாயலில்லவல்லா இவளு!" நான் சாகவில்லையாம்! கண்ணீர் வரச் சிரித்தவர், அங்கேயே போனை எடுத்து, "ஜேசிபி பேடப்பா", வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜெயித்தோம்! நான் விழுந்து எழுந்த வகையில்தான் என்றாலும் ஜெயித்தோம். கோரை இன்றும் அங்கேயே நிற்கிறது. குளத்துக்குத்தான் 'ராணி கெரெ' என்று பெயர் வந்துவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள், எந்த மகாராணி வெட்டிய குளம் என்று பக்தியோடு விசாரிப்பார்கள். கர்நாடகத்துத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியில் பிறந்த என் அம்மா அதற்கென்றே காத்திருப்பார்.

"அரண்மனை ராணி இல்லீங்க," என்பார் என்னைக் கைகாட்டி. "அரணை ராணி. இந்தா நிக்கறாளே, எம்பட பொண்ணு!"