தட்டிப் பார்த்து வாங்கிய கார்

ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனை வேறு வேலைக்குத் தனியாக அனுப்பக் கூடாது. நான் அப்படித் தனியாகத்தான் மங்கலம்பேட்டைக்குக் கார் வாங்கப் போனேன். (யாராவது கூட வருகிறேன் என்றிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.)

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சரக்கு சோதிக்கும் வேலை எனக்கு. சூளையிலிருந்து வந்த ஜாடியை விரல் முட்டியால் தட்டுவேன். ‘ணங்’ என்றால் நல்ல ஜாடி, ‘டொப்’ என்றால் எங்கோ விரிசல். என் விரலை ஏமாற்றிவிட்டு எந்த ஜாடியும் வெளியே போனதில்லை என்று ஒரு திமிர் இருந்தது.

அந்த ஐப்பசியில் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண் அழைப்பு. “அண்ணா, கூரையில்லாத கார்ல உக்காந்து வரணும். அது ஒண்ணு போதும் எனக்கு” என்றாள். நகைக்கும் புடவைக்கும் வாயே திறக்காத பெண். ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். சொந்தமாகவே வாங்கிவிட்டால் அப்புறம் ஸ்ரீமுஷ்ணம் முதல் கருவேப்பிலங்குறிச்சி வரை எந்தக் கல்யாணத்துக்கும் நம் கார்தானே என்று என் மூளை வேலை செய்தது. அதுவரை நான் சைக்கிளைத் தவிர வேறு வண்டி வாங்கியதில்லை.

மங்கலம்பேட்டையில் ஒரு பாய் வீட்டுக் கொட்டகையில் நின்றது அந்தப் பழைய அமெரிக்கக் கார். சிவப்பு நிறம். முன்பக்கம் மட்டும் எங்கள் சமையலறை நீளம் இருக்கும். பாய் சாவியைத் திருப்பியதும் அது போட்ட உறுமலில் கோழிகளெல்லாம் தெருவுக்கு ஓடின. நான் அப்போதே விழுந்துவிட்டேன். வாங்க வந்தவன் முகத்தில் ஆசை தெரியக் கூடாதே என்று விறைப்பாகச் சுற்றி வந்து தட்ட ஆரம்பித்தேன். கதவு, ணங். மட்கார்டு, ணங். டிக்கி, ணங்.

“இன்னா தம்பி, காரப் போய்த் தட்டறீங்க?” என்றார் பாய்.

“நமக்குப் பீங்கான் வேலைங்க பாய். சத்தத்துலயே சொல்லிடுவேன்.”

“சரி, பின்னால மடிச்சிருக்கே துணிக் கூரை, அத ஒரு தபா மூடிப் பாத்துக்குங்க. நான் மூடுனதே இல்ல. நாளைக்கி என்னச் சொல்லக் கூடாது.”

துணியைத் தட்டினால் சத்தம் வராது. சத்தம் வராத பொருளில் கோளாறு இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. “தொறந்த காருக்கு எதுக்குங்க கூரை?” என்று பெரிய மனுஷன்போலச் சிரித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து, பட்டறை வேன் ஓட்டிய தைரியத்தில் காரை ஓட்டி வந்தேன்.

பெண் அழைப்புக்கு நான்தான் டிரைவர். கார் முழுக்கச் சாமந்தி. பின்சீட்டில் அரக்குப் பட்டும் பூச்சடையுமாகக் கவிதா. முன்னால் பேண்டு வாத்தியம். இரண்டு தெரு வரை அவள் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. மூன்றாவது தெருவில் மழை பிடித்துக்கொண்டது.

சுவிட்சை அழுத்தினேன். கூரை முனகிக்கொண்டே எழுந்தது, பாதியில் அப்படியே நின்றுவிட்டது. பேண்டுக்காரர்கள் கடையோரம் ஒதுங்கினார்கள். அம்மா குடையோடு ஓடி வந்தாள்.

“அண்ணா, நான் எறங்கி அம்மாகூட நடந்தே வந்துடறேனே?”

“உக்காரும்மா, இதோ மூடிடும்.”

உட்கார்ந்தாள். நான் சொன்னால் கேட்கிறவள். நான் பின்சீட்டில் அவள் பக்கத்தில் ஏறி நின்று கூரைக் கம்பியைத் தட்டினேன். (வேறென்ன தெரியும் எனக்கு?) ணங் என்றது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் பலமாகத் தட்டினேன். துணி மடிப்பில் குளமாகத் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் தலையில் கொட்டியது.

பூச்சடை பிரிந்து, மை கன்னம் வரை இறங்கி உட்கார்ந்திருந்தவள், “பரவால்லண்ணா” என்றாள். அழுதிருந்தால் தேவலை.

மறுநாள் முகூர்த்தத்தில் அவளுக்கு நல்ல காய்ச்சல். மாப்பிள்ளை தாலி கட்டும் நேரம் பார்த்து அவள் போட்ட தும்மல் வீடியோவில் இருக்கிறது. இன்றும் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிப்பார்கள். ஆல்பத்தில் பெண் அழைப்புப் படம் ஒன்றுகூட இல்லை. மண்டப வாசலில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார்களாம்.

விற்றுவிடலாம் என்றால், காரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கூரையைத்தான் மூடச் சொன்னார்கள். கடைசியில் பழைய இரும்புக்காரர் ஒருவர்தான் என்னைப் போலவே தட்டிப் பார்த்து வாங்கிப் போனார். எங்கள் வீட்டில் தேங்காய் வாங்கினால்கூட “அவனக் கூப்பிடுங்க, தட்டிப் பாக்கட்டும்” என்பார்கள்.

கவிதா இப்போது கடலூரில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றதும் போன் செய்வாள்.

“அண்ணா, வந்துட்டேன். எறங்கலாமா?”

பின்னால் அவள் பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன். கோடையானாலும் குடையும் கையுமாக முன்பே அங்கே போய் நின்றிருப்பேன்.

“எறங்கும்மா” என்பேன். “மொதல்ல எறங்கு.”