இரு கண்மணிகளும் சமமாகச் சுருங்குகின்றன

மனிதனின் தோல், கண், காது, வாய் ஆகிய நான்கிலும் எந்தக் கோளாறும் கிடையாது என்று உலகுக்கு முதன்முதலில் நிரூபித்தவர் மருத்துவர் அல்லர். ஒரு மருத்துவமனையின் பதிவறையில் படிவம் தயாரிப்பவர். படிவக்காரர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அந்த மேதை, கணினியில் ஒரே ஒரு பொத்தானைக் கொண்டு இதைச் சாதித்தார்.

மருத்துவர் பொத்தானைத் தட்டினால் போதும். ‘தோல்: தடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இல்லை. கண்: வெண்விழியில் மஞ்சள் இல்லை, இரு கண்மணிகளும் ஒளிக்குச் சமமாகச் சுருங்குகின்றன. காது: செவிப்பறை முத்து நிறம், துளை இல்லை. வாய்: உட்புறம் ஈரம், இளஞ்சிவப்பு, புண் இல்லை, வெண்படலம் இல்லை’ என்று அறிக்கை அச்சாகி வந்துவிடும். நோயாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் அவர் குணமாகியிருப்பார்.

‘முத்து நிறம்’ என்ற சொல்லுக்காக மட்டும் படிவக்காரர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். முதலில் பார்ப்பது, பிறகு தட்டுவது, அப்புறம் மாற்றவேண்டியதை மாற்றுவது என்பதுதான் அவருடைய ஏற்பாடு. நாளடைவில் முன்னதும் பின்னதும் உதிர்ந்து, தட்டுவது மட்டும் நின்றது. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

ஒரு திங்கட்கிழமை காலை, பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவர் பதிவறைக்கு வந்து, தம் அறிக்கையை மேசைமேல் வைத்தார். அதன்மேல் தம் இடது கண்ணைக் கழற்றி வைத்தார்.

“சார், இதைக் கொஞ்சம் சுருங்கச் சொல்லுங்க. இருபது வருஷமா நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது.”

படிவக்காரர் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டது படிவக்காரர்தான்.

உடனே ‘பரிசோதனைச் சொல் ஒழுங்காற்றுக் குழு’ அவசரமாகக் கூடியது. அவசரம் என்பதால் பதினெட்டு நாளில் கூடிவிட்டது. கண்காணிப்பாளர் தலைமை வகித்தார். கண் மருத்துவரும் மற்றவர்களும் பிஸ்கட் வகித்தார்கள்.

“சுருங்கலைன்னு யார் சொன்னது?” என்றார் கண் மருத்துவர்.

“கண்ணுக்குச் சொந்தக்காரரே சொல்றாருங்க.”

“அவர் என்ன படிச்சிருக்கார்?”

“பூட்டு ரிப்பேர்…”

“அப்ப அது வெறும் அபிப்பிராயம்.”

படிவக்காரர் தயங்கித் தயங்கி, “‘இடது கண் இல்லை’ன்னு ஒரு வரி சேத்துடலாங்களா?” என்று கேட்டார்.

கண்காணிப்பாளர் கருணையோடு சிரித்தார். “நம்ம படிவத்துல இருக்கறதுக்குத்தான்யா கட்டம் இருக்கு. இல்லாததுக்கு எங்க போறது? இன்னைக்குக் கண்ணு இல்லைம்பான், நாளைக்குக் காது இல்லைம்பான். இதுக்கு ஒரு முடிவு உண்டா?”

‘நோயாளியின் கண், அறிக்கையுடன் ஒத்துழைக்கவில்லை’ என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த தடவை கண்ணைக் கழற்றாமல் வரும்படி பூட்டுக்காரருக்குக் கடிதம் போனது. ஊரில் தோல், கண், காது, வாய் நோய்களை அறவே ஒழித்ததற்காகப் படிவக்காரருக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை கழுத்தில் அரித்தது. ஆனால் தோலில்தான் தடிப்பே கிடையாதே!

அந்தச் சால்வையைக் காட்டத்தான் அவர் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தையல்காரி. தம்பியைப் படிக்க வைத்ததும் அந்தத் தையல் இயந்திரம்தான். வழக்கமாக நூலைப் பல்லால் கடித்து அறுப்பவள், அன்று கத்தரிக்கோலைத் தேடினாள். டீயை ஆற்றி, ஆற்றி, அப்புறமும் குடிக்காமல் வைத்தாள்.

“என்னக்கா, வாய்ல என்ன?”

“ஒண்ணுமில்லடா. நாக்கோரத்துல சின்னதா. ரெண்டு மாசமா எரியுது.”

“ரெண்டு மாசமா! எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஊரக் கூட்டிடுவ. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் மூணு தடவ போயிட்டு வந்தேன். ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இந்தா, நீயே படி.”

மூன்று சீட்டுகள். மூன்றிலும் உட்புறம் ஈரம், இளஞ்சிவப்பு. புண் இல்லை, வெண்படலம் இல்லை.

“எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாரு,” என்றாள் அக்கா. “எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, இல்லாத புண்ணு எரியுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.”

இத்தனை நாள் ஊர் மெச்சியபோது வராத வியர்வை, அக்கா மெச்சியதும் படிவக்காரருக்கு வந்தது.

மறுநாள் காலை அக்காவை இழுத்துக்கொண்டு போய் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சீட்டில் கையெழுத்திட்டிருந்த மருத்துவரைப் பிடித்தார்.

“டாக்டர், இவங்க வாய்ல புண் இருந்துச்சுங்களா?”

“இல்லைன்னு வந்திருக்கே.”

“வந்திருக்கு டாக்டர். நீங்க பாத்தீங்களா?”

“பரிசோதிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கே.”

“யாரு பரிசோதிச்சதுன்னு…”

“அதுக்குக் கட்டம் இல்லையேப்பா,” என்றார் மருத்துவர், உண்மையான வருத்தத்தோடு. அவர் வாசலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

படிவக்காரர் கண்காணிப்பாளரின் அறைக்கு ஓடினார். “சால்வை வாங்கின ஆளே அறிக்கையச் சந்தேகப்பட்டா ஜனங்க என்னய்யா நினைப்பாங்க?” என்று கண்காணிப்பாளர் கேட்டார். “வேணும்னா உங்க அக்காவுக்கு இன்னொரு அறிக்கை போட்டுத் தரச் சொல்லவா?”

கடைசியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு கட்டுப்போடும் அறைக்குப் போனார். அங்கே ஒரு மூத்த நர்ஸ் இருந்தாள். முன்னேற்றத்தின் எதிரி. கணினியைத் தொடமாட்டாள், பையில் இன்னும் ஒரு டார்ச் வைத்துக்கொண்டிருந்தாள். அவளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் குழு இரண்டு முறை பரிந்துரைத்திருந்தது.

“வாயத் திறங்கம்மா. இன்னும். நாக்கத் தூக்குங்க… ஆ, அப்படியே இருங்க.”

மருத்துவமனைக்கு வந்த இரண்டு மாதத்தில் அக்கா முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

நர்ஸ் உறை மாட்டிய விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அக்காவின் கன்னத்தைத் தட்டி, “கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, இதோ வந்துடறேன்” என்று அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

“புண்ணோட ஓரம் தடிச்சுக் கெட்டியா இருக்கு. எனக்குப் பிடிக்கல. இன்னைக்கே சதையக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். பெரிய டாக்டரக் கையோட கூட்டிட்டு வர்றேன், அவர் பாக்காம நகர விடமாட்டேன்.”

“ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம் இல்ல சிஸ்டர்?”

“இருக்கலாம். இருக்கணும்னுதான் நானும் கும்பிட்டுக்கறேன். ஆனா ரெண்டு மாசம் முன்னாடி வந்தப்பவே பாத்திருந்தா, இப்படிக் கும்பிட வேண்டியிருக்காது.”

படிவக்காரர் மூன்று சீட்டுகளையும் நீட்டினார். “மூணு தடவ வந்திருக்காளே! ஒருத்தர்கூட ஏன் சிஸ்டர் பாக்கல?”

நர்ஸ் டார்ச்சை அணைத்தாள்.

“பாத்தாச்சுன்னுதான் நீ முன்னாடியே எழுதி வெச்சுட்டியே.”